சீனாவின் கோடு இறங்கிய வாரம்

எங்கள் பிரிவில் என் நாற்காலியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேசையும் மின்விசிறியும் தேய்ந்து கிழடு தட்டிப்போயிருக்கும். நாற்காலியின் மெத்தை மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியது போல் இருக்கும். நான் அதில் உட்கார்ந்திருந்தால்தானே தேயும்? வேலையில் இருந்த காலம் முழுவதும் நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் இருந்தேன். "மேடத்துக்குக் காலில் சக்கரம்" என்று மரம் அடுக்கும் யார்டில் கேலி செய்வார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை. இதை எழுதும்போதுகூட நடுவில் இரண்டு முறை எழுந்து போய்விட்டு வந்தேன்.

மூலப்பொருள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். அறிவுரை எழுதப் போவதில்லை. அறிவுரையை நானே யாரிடமும் கேட்டுக்கொண்டது கிடையாது. ஒரு வாரத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த வாரத்தை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் வருகிறது, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் ஒரு விஷயம். நம் காகித மில்லுக்கு மரம் இரண்டு வழியில் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று, இந்தப் பக்கத்து விவசாயிகள் நட்டு வளர்க்கும் சவுக்கும் தைலமரமும். இன்னொன்று, வெளிநாட்டில் சில்லுச் சில்லாக வெட்டிக் கப்பலில் ஏற்றித் தூத்துக்குடியில் வந்து இறங்கும் சிப்ஸ். என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் "இவளுக்குச் சிப்ஸ் வாங்குற வேலை" என்று சொல்லிச் சிரிப்பார். கல்யாண வீடுகளில் எத்தனையோ பேர் என்னிடம் நேந்திரங்காய் விலை கேட்டிருக்கிறார்கள்.

உலகத்தில் கப்பலில் போகும் மரச்சில்லில் பெரும்பங்கு இரண்டு வாசலில்தான் போய் இறங்குகிறது. ஒன்று ஜப்பான், ரொம்ப காலத்து வாடிக்கைக்காரன். நிதானமாக வாங்குவான், பெரிதாக ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. இன்னொன்று சீனா. பின்னால் வந்து, வந்த வேகத்தில் சந்தையையே தூக்கிக்கொண்டு போனவன். அந்த இருவர் சாப்பிட்டு எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் நாம். அவர்கள் நிறைய வாங்கினால் நமக்கு விலை ஏறும், கப்பல் கிடைக்காது. அவர்கள் கையை இழுத்துக்கொண்டால் நமக்கு மலிவாகக் கிடைக்கும். அதனால்தான் இரண்டு நாட்டு இறக்குமதியையும் மாதா மாதம் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இரண்டு கோடாக வரைந்து வைப்பது நம் பிரிவின் வழக்கமாக இருந்தது. அந்தப் படத்தை வைத்துத்தான் மேலே இருப்பவர்கள் முடிவெடுப்பார்கள். உள்ளூர் மரம் எவ்வளவு எடுப்பது, கப்பலை எவ்வளவு நம்புவது, எல்லாம் அதில்தான்.

அந்த வருஷம் சில மாதங்களாகவே சீனாவின் கோடு இறங்கிக்கொண்டு வந்தது. ஒரேயடியாக விழவில்லை. விழுந்திருந்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். படிப்படியாக, மரியாதையாக, நம்பும்படி இறங்கியது. ஜப்பானின் கோடு வழக்கம்போல் அசையாமல் படுத்துக் கிடந்தது. படத்தைப் பார்த்த யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: சீனா ஓய்ந்துவிட்டது.

எங்கள் ஜி.எம்.முக்கு ஒரே சந்தோஷம். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு படம் பிடித்துவிட்டால் அதைக் கண்ணாடி போட்டு மாட்டாத குறையாகக் கொண்டாடுவார். ஆடிப்பூரத் தேருக்கு முந்தைய நாள், காலைக் கூட்டத்தில் படத்தைத் திரையில் போட்டுவிட்டு, "இனிமே சிப்ஸ் விலை சரசரன்னு இறங்கும். எதுக்கு நாம விவசாயிக மரத்தை இம்புட்டு விலைக்கு எடுக்கணும்?" என்றார். மத்தியானம் டைரக்டர்கள் வருகிறார்கள், அவர்களிடம் சொல்லி வருஷத் திட்டத்தையே மாற்றப் போவதாகச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை எடுத்துத் தோட்ட ஆபீசரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, "புதுசா யாருக்கும் வெட்டு கொடுக்காதீங்க. நடக்கிற வெட்டையும் நிறுத்தி வைங்க. மத்ததைச் சாயங்காலம் சொல்லுதேன்" என்றார்.

தோட்ட ஆபீசர் என்றால் கிராமங்களில் விவசாயிகளின் மரத்தைப் பார்த்து, எப்போது வெட்டலாம் என்று உத்தரவு கொடுப்பவர். அந்த உத்தரவைத்தான் நாங்கள் வெட்டு என்போம். அவர் ஃபோனில் "சரி சார்" என்றார். அவ்வளவுதான். மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அந்த வெட்டில் பாதி மரத்துக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம் நடத்தினோம். சவுக்கு நடச் சொல்லி நாற்று கொடுக்கும் கூட்டம். சாம்பார் சாதம் வரும்வரை எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். வன்னியம்பட்டி வேலுச்சாமி என்று ஒருத்தர் மட்டும் எழுந்தார். வயதில் என்னைவிடக் கொஞ்சம் சின்னவர், பேச்சில் என்னைவிடப் பெரியவர்.

"அக்கா, நட்டுட்டோம்னு வைங்க. வளந்த பொறவு நீங்க வேண்டாம்னுட்டா, நாங்க மரத்தை வச்சு என்ன செய்ய? ஊஞ்சல் கட்டவா?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "மில்லு ஓடுற வரைக்கும் எடுப்போம். நான் சொல்லுதேன்ல" என்றேன். மேடையில் இருந்த யாரும் அதைச் சொல்லச் சொல்லவில்லை. எனக்கே வாய் அரித்தது. வேலுச்சாமி அந்த ஒரு சொல்லை நம்பித் தன் நிலம் முழுக்கச் சவுக்கு நட்டார். இப்போது அந்த மரத்தைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். போன மழையில் அவருடைய கிணற்றுச் சுவர் உள்ளே சரிந்து, பாதிக் கிணறு கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. மரம் மில்லுக்குப் போனால் கிணற்றைத் தோண்டிக் கட்டுவது என்று ஏற்பாடு. கிணறு இல்லாவிட்டால் அந்த நிலத்தில் எதுவும் செய்ய முடியாது. இதை அவரே என்னிடம் வெட்டு கேட்டு வந்தபோது சொல்லியிருந்தார்.

வெட்டிய சவுக்கை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளூர் மரத்தை நாம் பச்சை எடைக்குத்தான் எடுக்கிறோம். வெட்டிய மறுநாளே மரம் காயத் தொடங்கும், எடை இறங்கும். பாதிக்குப் பாதி தண்ணீர்தானே. விவசாயி வெட்டிய கையோடு லாரியில் ஏற்றி யார்டுக்கு ஓடி வருவது அதனால்தான். வெட்டைப் பாதியில் நிறுத்துவது என்றால் அவர் வயலில் கிடக்கும் மரத்தை வெயிலுக்குத் தின்னக் கொடுப்பது.

கூட்டம் முடிந்ததும் நான் நடக்க ஆரம்பித்தேன். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். படத்தில் தப்பு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. படம் பொய்யாக இருக்க வேண்டும் என்று ஆசைதான் இருந்தது. ஆசை ஒரு காரணமாகாது என்பதால் வேறு பக்கத்திலிருந்து கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. சீனா உண்மையிலேயே வாங்குவதைக் குறைத்திருந்தால், அதுவரை சீனாவுக்குச் சுமந்த கப்பல்கள் என்ன ஆகும்? சிப்ஸ் கப்பல் சிப்ஸுக்கென்றே கட்டியது. அதில் வேறு சரக்கு ஏற்றிச் சமாளிப்பது கஷ்டம். சும்மா நிற்க வேண்டும். இல்லையென்றால் வாடகை இறங்க வேண்டும்.

தூத்துக்குடி கப்பல் ஏஜெண்டைக் கூப்பிட்டேன். அந்த மனிதர் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

"ஒரு கப்பல் வேணும். மலிவா இருந்தாச் சொல்லுங்க" என்றேன்.

"மேடம், காலைல காப்பி குடிச்சீங்களா இல்லையா?"

"ஏன்?"

"குடிச்சவங்க இப்படிக் கேக்க மாட்டாங்க. ஒரு சிப்ஸ் கப்பலும் கைல இல்ல. சும்மா நிக்கிற கப்பல்னு ஒண்ணு இருந்தா எனக்கும் காட்டுங்க, நானும் வந்து பாக்கேன்."

ஃபோனை வைத்துவிட்டேன். அந்த நிமிஷம் எனக்குள் இருந்த பதற்றம் வேறு மாதிரி மாறியது. வாங்குகிறவன் கையை இழுத்துக்கொண்டான் என்கிறது படம். சுமக்கிறவனுக்கு மூச்சுவிட நேரமில்லை என்கிறார் ஏஜெண்ட். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது.

அடுத்து முத்துக்குமாரிடம் போனேன். அந்த அட்டவணையை அப்போது அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சுத்தமான வேலைக்காரர், எழுத்துகூட நேர்கோட்டில் நிற்கும். நான் கப்பல் கதையைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"சீனாக் கணக்கை எப்படிப் போடுறீங்க?" என்றேன்.

"காய்ஞ்ச எடைலதான் மேடம். கப்பல் சரக்குன்னா காய்ஞ்ச டன்தான?"

சரிதான். கப்பலில் வருவதை ஈரத்தைக் கழித்துவிட்டு, உலர்ந்த எடைக்குத்தான் உலகமே விலை பேசுகிறது. அதில் அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

"எல்லாத்தையும் நீங்களா போட்டீங்க?"

"இல்ல மேடம். பழைய ஃபார்முலா ஒண்ணு இருந்துது. எனக்குப் புரியல. எந்தெந்த நாட்டுலயிருந்து சீனாவுக்குப் போகுதுன்னு ஒவ்வொண்ணா நானே பாத்து, புரிஞ்சதை மாசா மாசம் மாத்திக்கிட்டே வந்தேன், பழைய மாசத்தைத் தொடல. மிச்சத்துக்குப் பழைய ஃபார்முலாவே ஓடுது."

முத்துக்குமாருக்கு முன்னால் அதைப் பார்த்தவர் சங்கரலிங்கம். வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டவர். அவரையும் கூப்பிட்டேன். பின்னால் குழந்தை அழுகிற சத்தத்தோடு எடுத்தார்.

"சங்கரலிங்கம், சீனாக் கணக்கைப் பச்சையாப் போட்டீங்களா, காய்ஞ்சதாப் போட்டீங்களா?"

"பச்சைதான் மேடம். இதுல என்ன கேள்வி? நம்ம யார்டுல எல்லாமே பச்சைதான? வந்த காய்ஞ்ச கணக்கை நான்தான் பச்சைக்கு மாத்தினேன். இல்லேன்னா நம்ம ஆளுகளுக்கு அது எம்புட்டு மரம்னே புரியாதே."

அவரும் சரிதான்.

நடந்தது இதுதான். ஜப்பான் கணக்கைத் தொடங்கியது கப்பல் சரக்கு வாங்கும் பிரிவு, அதனால் முதலிலிருந்தே காய்ந்த டன். சீனாக் கணக்கைப் பின்னால் சேர்த்தது உள்ளூர் மரப் பிரிவு, அதனால் பச்சை டன். நம் மில்லில் பிரிவுக்குப் பிரிவு டன் வேறு. யாரும் எது என்று எழுதுவதில்லை, எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டு நாட்டையும் இத்தனை வருஷமாக ஒப்பிட்டதே கோணல். அதன் மேல் முத்துக்குமார் வந்து, புரிந்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் காய்ந்த எடைக்கு மாற்ற மாற்ற, சீனாவின் கோடு படிப்படியாக இறங்கியது. சீனாக்காரன் ஒரு சில்லைக்கூடக் குறைக்கவில்லை என்று பின்னால் உறுதியானது. நம் எக்செல்லில் தண்ணீர் வற்றியிருந்தது, அவ்வளவுதான்.

முத்துக்குமார் எழுந்து நின்றுவிட்டார். "மேடம், எம் பேரைச் சொல்லுவீங்களா?"

"உம் பேரை வச்சு நான் என்ன செய்ய? ஜி.எம். எங்கே இருக்கார்னு சொல்லு."

ஜி.எம். டைரக்டர்களுக்காகக் கூட்ட அறையில் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். படம் திரையில் தயாராக இருந்தது. வாசலில் கார் வரும் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டுதான் என்னைக் கேட்டார். சொல்லி முடித்தேன்.

"அப்ப சரியான படம் எங்கே?"

"இல்ல சார். முதல்லயிருந்து எல்லாத்தையும் ஒரே எடைக்கு மாத்தணும். இன்னைக்கு முடியாது."

"மாத்தினா கோடு ஏறுமா இறங்குமா?"

"தெரியாது சார்."

"தெரியாதா!" அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கோபம் வந்தால் இரண்டு சொல் தெலுங்கில் வந்துவிடும். அப்போதும் வந்தது. பிறகு தமிழுக்குத் திரும்பினார். "டைரக்டருங்க வந்துட்டாங்க. கைல இருக்கிற படத்தைத் தூக்கிப் போடச் சொல்லுதீங்க. வேற படமும் இல்லங்கிறீங்க. என்ன ஏறும் என்ன இறங்கும்னும் தெரியாதுங்கிறீங்க. நான் அவங்க முன்னால போய் என்னத்தைச் சொல்ல?"

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறோம். கையில் மாற்று இல்லாவிட்டால் தப்பைத் தப்பு என்று சொல்லக் கூடாது என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் ராத்திரி உட்கார்ந்து சரியாகப் போட்டுவிட்டு நாளைக்குச் சொல்லலாமே என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. நாளைக்குத் தேர். நாளை மறுநாள் வரைக்கும் வேலுச்சாமியின் மரம் காயும்.

"எது சரின்னு எனக்குத் தெரியாது சார். இது தப்புன்னு தெரியும். இதை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க. வெட்டை நிறுத்தச் சொன்னதை இப்பவே திருப்புங்க."

"இதைச் செஞ்சது யாரு?"

"பேரு தேட இப்ப நேரமில்ல சார். வெட்டைத் திருப்புங்க."

ஜி.எம். தானே போய்த் திரையை அணைத்தார். அந்த மனிதரைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் அந்த அணைப்புக்காக இன்றும் மரியாதை உண்டு. டைரக்டர்களிடம் "கணக்கு இன்னும் தயாராகல" என்று சொல்லித் திட்டு வாங்கினார். வருஷத் திட்டம் பழையபடியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "வெட்டைத் தொடரச் சொல்லி லெட்டர் போட்டுருவோம். லீவு முடிஞ்சு வந்ததும் கையெழுத்துப் போடுதேன்" என்றார்.

"நிறுத்தறதுக்கு லெட்டர் போடலையே சார்?"

"அது வேற மேடம்" என்றார். என்ன வேறு என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

தோட்ட ஆபீசருக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது போட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவர் எங்கே இருப்பார் என்று தெரியும். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ஆண்டாள் தேருக்கு வடம் பிடிக்காத வருஷம் கிடையாது. நானும் அதே ஊர்தான். ரத வீதியில் எள் போட்டால் விழாத கூட்டம். ஊர் முழுக்கத் தேரைப் பார்த்து நின்றபோது நான் ஒருத்தி மட்டும் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். என் எதிர் வீட்டம்மாள், "ஏட்டி, யாரைத் தொலைச்சிட்ட?" என்று கேட்டாள்.

மேற்கு ரத வீதி திரும்புகிற இடத்தில், வியர்வையில் குளித்து, சட்டையில்லாமல், வடத்தோடு ஓடிக்கொண்டிருந்தார் தோட்ட ஆபீசர். தேர் செத்த நேரம் நின்றபோது கூட்டத்துக்குள் புகுந்து அவர் கையைப் பிடித்தேன்.

"வெட்டைத் தொடரலாம்! ஜி.எம். சொல்லிட்டார்!"

"என்னது?"

"வெட்டு! வெட்டு!"

பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பயத்தோடு பார்த்தார்கள். அவர் குனிந்து காதைக் கொடுத்தார். கேட்டுவிட்டு மூச்சு வாங்கியபடி சொன்னார்: "எழுத்துல வரணுமே மேடம். நாளைக்கு மாத்திச் சொன்னா எந் தலைல விடியும்."

"நிறுத்தும்போது எழுத்துல வந்துதா?"

"அது வேற மேடம்."

அவரும் அதையே சொன்னார். தேர் நகர்ந்தது, அவரும் நகர்ந்துவிட்டார். எனக்கு நடு வீதியில் அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகை. கூட்டத்தில் பக்திப் பரவசம் என்று நினைத்து ஒரு அம்மாள் என் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

நம் தொழிலில் இதை நன்றாகக் கவனியுங்கள். நிறுத்து என்ற சொல் லாரியில் போகும். யார்டில் ஒரு டிரைவர் காதில் விழுந்தால் போதும், டீக்கடைக்கு டீக்கடை நின்று ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிடும். போகப் போகப் பெரிசாகவும் ஆகும். தொடங்கு என்ற சொல் சுற்றறிக்கையில், கையெழுத்து, நகல், தேதி எல்லாம் போட்டுக்கொண்டு நடந்து வரும்.

விடுமுறை முடிந்த அன்று காலையில் கடிதம் கையெழுத்தானது. மை காயும் முன்னே அதன் படத்தை எல்லா விவசாயிகளுக்கும் வாட்சப்பில் அனுப்பினோம். வேலுச்சாமிக்கும் அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் ஆபீஸ் ஜீப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வன்னியம்பட்டிக்குப் போனேன்.

அவருடைய நிலத்துக்குப் போகும் வழியிலேயே தெரிந்துவிட்டது. தூரத்தில் எப்போதும் கருப்பாய்த் தெரியும் சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. நிலம் முழுக்க வெட்டிய அடிக்கட்டைகள். வேலுச்சாமி வரப்பில் நின்று தும்பும் இலையுமாகக் கிடந்த கழிவைக் கூட்டித் தீ வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா" என்றார்.

"மரம் எங்கே?"

"செங்கச் சூளைக்குப் போயிருச்சு. அன்னைக்குச் சாயங்காலமே டிரைவர் சொல்லிட்டான், மில்லு இனிமே மரமே எடுக்காதாம், எல்லாம் கப்பல்லதானாம்னு. ஆபீசரும் வெட்டை நிறுத்திட்டாரு. வெட்டுனது பாதி, வெட்டாதது பாதி. சூளைக்காரன் வந்தான். மொத்தமாக் குடுத்தா எடுத்துக்கிடுதேன், பாதின்னா வேண்டாம்னான். குடுத்திட்டேன். விறகு விலைதான்."

எனக்கு உட்காரவேண்டும்போல் இருந்தது. ஆனால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜப்பான், சீனா, பச்சை டன், காய்ந்த டன், சங்கரலிங்கம், முத்துக்குமார், திரையை அணைத்தது, தேர்க் கூட்டம் எல்லாம். அவருக்கு எதற்கு இதெல்லாம் என்று பாதியில் தோன்றியது. ஆனால் நிறுத்த முடியவில்லை. அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"அப்ப சீனாக்காரன் கொறைக்கவே இல்லையாக்கும்?"

"கொறைச்ச மாதிரித் தெரியல."

"அதான பாத்தேன்" என்றார். தீயைக் கொம்பால் கிளறிவிட்டார். "கொறைஞ்சது எம் வயல்லதான்."

கிணற்றுப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. சரிந்த கல் அப்படியே கிடந்தது.

"மில்லுல பேசி ஏதாவது செய்யச் சொல்லுதேன். எழுதி வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

"மில்லுல என்னத்தைப் பேச? நான் மில்லு சொல்லியா நட்டேன்? நீங்க சொன்னீக, நட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அதை ஒரு தகவல் மாதிரிச் சொன்னார்.

மில்லில் பேசினேன். சண்டை போட்டேன் என்பதே சரி. இப்போது உங்கள் கையில் இருக்கும் கொள்முதல் ஒப்பந்தம் அப்படி வந்ததுதான். வெட்டு கொடுத்துவிட்டால் பாதியில் நிறுத்தக் கூடாது என்ற வரியும், அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பச்சையா காய்ந்ததா என்று எழுத வேண்டும் என்ற விதியும் அதற்குப் பிறகுதான். திருத்திய படத்தில் சீனாவின் கோடு இறங்கவில்லை, ஏறும் வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. முத்துக்குமாரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்று உங்கள் மேலாளராக உங்களைக் கேள்வி கேட்டுக் குடைகிறாரே, அவர்தான்.

ஆனால் அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகி வருவதற்குள் வேலுச்சாமியால் காத்திருக்க முடியவில்லை. கிணறு இல்லாத நிலத்தைப் பக்கத்து நிலத்துக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேலை தேடினார். கிடைத்த வேலையை நான் வாங்கிக் கொடுத்தேன் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. அவரே கேட்டுச் சேர்ந்தார், எனக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள் காலையில் யார்டு கேட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். நீலச் சட்டை, தொப்பி, கையில் லத்தியோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

நீங்கள் தினமும் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போகிறீர்களே, காலை ஷிப்டு செக்யூரிட்டி, அவர்தான் வேலுச்சாமி. தூத்துக்குடியிலிருந்து சிப்ஸ் லாரி வந்தால் அவர்தான் கேட்டைத் திறந்துவிடுகிறார். நான் ஓய்வு பெறும் நாள்வரை ஒவ்வொரு காலையும் சல்யூட் வைத்துவிட்டு, குறும்பும் இல்லாமல் குத்தலும் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல என்னிடம் ஒரே கேள்வி கேட்பார்.

"அக்கா, சீனா எப்படி இருக்கு?"

ஒருநாள்கூட நான் பதில் சொல்லாமல் உள்ளே போனதில்லை. தெரிந்தால் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாவிட்டால் தெரியாது என்பேன். இனி அவர் உங்களிடம் கேட்பார்.